துறவியின் டூல்பார்

பிரவுசர் என்கிற இணைய உலாவியைச் செய்யும் அந்த நிறுவனத்தில் வடிவமைப்புத் தலைவருக்குத் துறவி என்று பெயர். முகத்துக்கு நேரே சார், முதுகுக்குப் பின்னால் துறவி. அவர் தாடி வளர்த்ததில்லை, சாப்பாட்டில் குறை வைத்ததில்லை, சொந்தமாக எதையும் துறந்ததாகவும் தகவல் இல்லை. உலகத்தைத் துறக்க வைத்தார், அவ்வளவுதான்.

அவர் வந்து சேர்ந்தபோது அந்த உலாவி ஒரு சாதாரணக் குடும்பத்து வீடு மாதிரி இருந்தது. மேலே மெனு, அதற்குக் கீழே முன்னே பின்னே போக இரண்டு அம்புகள், வீட்டுப் படம் போட்ட ஒரு பொத்தான், குறித்துவைத்த பக்கங்களின் புக்மார்க்குகளுக்கு ஒரு வரிசை, திறந்திருக்கும் பக்கங்களின் டேப்களுக்கு ஒரு வரிசை. துறவி அதை ஏற இறங்கப் பார்த்து, "திரை மூச்சுத் திணறுகிறது" என்று அறிவித்தார். முதலில் மெனு போயிற்று. பிறகு வீட்டுப் பொத்தான் போயிற்று. புக்மார்க் வரிசையைத் தூக்கி ஒரு மூலைக்குள் ஒளித்தார்கள். ஒவ்வொன்று போனபோதும் அவர் மேடையேறி, கண்ணை மூடி, ஒரு கணம் நிறுத்தி, "குறைப்பதே கொடுப்பது" என்பார். கூட்டம் கைதட்டும். அன்று மாலையே புகார்ப் பிரிவில் தொலைபேசிகள் அலறத் தொடங்கும்.

இப்போது வரவிருக்கும் பதிப்பில் மிச்சமிருந்ததும் காலி. அம்புகள்கூடக் கிடையாது. திறந்தால் வெறும் திரை. விரலசைவால் எல்லாம் நடக்கும். போதாததற்கு 'தோற்றம்' என்ற பக்கத்தையும் வேரோடு வெட்டச் சொல்லியிருந்தார். பிடிக்காதவர்கள் அந்தப் பக்கத்துக்குள் போய்த்தான் பழைய பொத்தான்களைத் தங்களுக்கு மட்டும் திரும்ப எடுத்து வைத்துக்கொண்டிருந்தார்கள். அந்தக் கதவும் இனி இல்லை.

"முழுக்க முழுக்க என் கை" என்று ஒரு பேட்டியில் வேறு சொல்லிவிட்டார். முதலாளிக்குப் பேட்டி பிடித்துப்போனது. வடிவமைப்பு மட்டுமில்லாமல் உலாவி முழுவதற்கும் தலைவர் என்று ஒரு புதிய நாற்காலியை உண்டாக்கி, அதில் துறவியை உட்கார வைப்பதாக வாய்வார்த்தையாகச் சொல்லியிருந்தார். அறிவிப்பு வியாழக்கிழமை, புதிய பதிப்பின் சோதனை முடிந்த கையோடு.

வெளியே தெரியாத விஷயம் ஒன்று இருந்தது. துறவியின் சொந்தத் தொடுதிரை மடிக்கணினியில் அந்த உலாவி எப்படி இருந்தது என்பதுதான் அது.

மெனு இருந்தது. அவரே ஒழித்த வீட்டுப் பொத்தான் கொழுகொழுவென்று இருந்தது. அம்புகள் கட்டைவிரல் அளவுக்கு இருந்தன. டேப்கள் மேலே இல்லை, கீழே, அதுவும் இரண்டு வரிசையாக. அவர் கண் அங்கேதான் போகும். புக்மார்க்குகள் மூன்று வரிசைக்குப் பெருகி, பக்கத்தைப் பார்க்க மிச்சமிருந்தது ஒரு ஜன்னல் அளவு இடம். இத்தனையும் 'தோற்றம்' பக்கத்தின் புண்ணியம். கூட்டங்களில் அவர் மடிக்கணினியைச் சுவரைப் பார்த்துத் திருப்பி வைப்பதை எல்லோரும் ஏதோ தியான முறை என்று நினைத்திருந்தார்கள்.

புதன்கிழமைக் கூட்டத்தில் புகார்ப் பிரிவின் தலைவி எழுந்தார். நிறுவனத்தில் சின்னவர் பெரியவர் எல்லோருக்கும் அவர் புகார் அக்கா. மாடிப்படி விளக்கு எரியவில்லை என்றாலும் அவரிடம்தான் போய்ச் சொல்வார்கள்.

"சார், அந்தப் பக்கத்தை மட்டும் விட்டுடுங்க. வேணும்னு கேக்குறவங்க இருக்காங்க."

"எத்தனை பேர், மேடம்?" துறவி புன்னகைத்தார். "எண்ணிக்கைப் பலகையைப் பாருங்க. அந்தப் பக்கத்தைத் திறக்குறவங்க கிட்டத்தட்ட யாருமே இல்ல."

"எண்ணுறதுக்கு அனுமதி குடுத்தவங்களைத்தானே சார் பலகை எண்ணும்? பொத்தானை இடம் மாத்துற அளவுக்கு நோண்டுறவன், 'உங்க பயன்பாட்டைக் கவனிக்கலாமா'ன்னு கேட்டா முதல் வேலையா வேண்டாம்னுதான் அமுக்குவான். அவன் எப்படி சார் கணக்குல வருவான்?"

அறையில் லேசான சலசலப்பு. துறவி கண்ணை மூடினார். ஒரு கணம் நிறுத்தினார்.

"கணக்கில் வராதவர்கள், இல்லாதவர்கள்."

இளம் வடிவமைப்பாளர் ஒருவர் அதைச் சுவரில் ஒட்டத்தக்க வாசகம் என்று நினைத்து உடனே குறித்துக்கொண்டார். அக்கா மட்டும் உட்காரவில்லை.

"சரி சார். அப்போ நாளைக்குக் கண்ணாடி அறையில யார் உக்காரப் போறது? உருவாக்கினவர் உக்காரணும்னு விதி. முழுக்க உங்க கைன்னு பேட்டியில படிச்சேன்."

அந்த விதியைப் போட்டவரே துறவிதான். வேலைக்குச் சேர்ந்த வேகத்தில், வேறொருவரை மட்டம் தட்டுவதற்காகப் போட்டது. வெளியிடும் எதையும் உருவாக்கியவரே தன் சொந்தக் கணினியில் ஏற்றி, கண்ணாடி அறையில் உட்கார்ந்து, கொடுக்கும் வேலைகளைச் செய்து காட்ட வேண்டும். மனதில் ஓடுவதையெல்லாம் சத்தமாகச் சொல்லிக்கொண்டே செய்ய வேண்டும். யாரும் உதவக் கூடாது. எல்லா வேலையும் முடியும்வரை எழுந்திருக்கக் கூடாது. இதுவரை ஒவ்வொரு முறையும் தனக்குக் கீழே இருக்கும் யாரையாவது தள்ளிவிட்டுத் தப்பித்திருந்தார்.

"அருமையான யோசனை!" என்றார் முதலாளி. "நானே வந்து பாக்குறேன்."

துறவி தலையசைத்தார். மடிக்கணினியை இன்னும் கொஞ்சம் சுவர்ப் பக்கமாகத் திருப்பினார்.

வியாழன் காலை, காபியைக்கூடத் தொடாமல் மனைவியைச் சுற்றிச் சுற்றி வந்தார். மனைவி பல் மருத்துவர். கிளம்பும் அவசரத்தில் இருந்தார்.

"உன் லேப்டாப்பை இன்னைக்கு ஒருநாள் குடேன்."

"அதுல என் பேஷண்ட்டுங்களோட எக்ஸ்ரே எல்லாம் இருக்கு. உங்களுதுக்கு என்ன கேடு?"

"கொஞ்சம் கலைஞ்சு கிடக்கு."

அவர் குனிந்து கணவரின் திரையைப் பார்த்தார். நிமிர்ந்தார். மறுபடி குனிந்தார்.

"என்னங்க இது, வீடு காலி பண்ற லாரி மாதிரி? ஊர்ல இருக்குற பொத்தானை எல்லாம் பிடுங்கி இங்கதான் கொண்டாந்து ஒளிச்சு வெச்சிருக்கீங்களா?"

"எனக்கு வேலை ஜாஸ்தி. எல்லாம் கைக்கு எட்டுற மாதிரி இருக்கணும்."

"மத்தவங்க எல்லாம் சும்மா உக்காந்திருக்காங்களாக்கும். நானாவது பல்லைப் பிடுங்குறதுக்கு முன்னாடி எங்க வலிக்குதுன்னு கேப்பேன். நீங்க வலிக்காத பல்லாப் பாத்துல்ல பிடுங்குறீங்க!" பையைத் தோளில் மாட்டியவர், அவர் முகத்தைப் பார்த்துக் குரலைத் தணித்தார். "ஏங்க, ஒண்ணு பண்ணுங்க. எனக்கு இப்படித்தான் பிடிக்கும்னு சொல்லிடுங்களேன். என்ன தலையா போயிடும்?"

தலை போகாது. தலைமை போகும். அதை எப்படிச் சொல்வது?

அலுவலகத்துக்குப் போனதும் அவர் நேராகக் கழிவறைக்குள் நுழைந்து தாழ்ப்பாள் போட்டார். மூடிய பீங்கானின் மேல் உட்கார்ந்து மடிக்கணினியை மடியில் விரித்தார். வேறு வழியில்லை, கண்ணாடி அறையில் எல்லோரும் பார்க்கப் புதிய பதிப்பை ஏற்றுவதற்கு முன்பே பழையதைச் சுத்தம் செய்துவிட வேண்டும். 'தோற்றம்' பக்கத்தைத் திறந்து ஒவ்வொன்றாகக் கழற்றினார். மெனு போயிற்று. வீட்டுப் பொத்தான் போயிற்று. புக்மார்க் வரிசையில் கை தயங்கியது. வெளியே யாரோ கை கழுவிக்கொண்டே சீட்டியடித்தார்கள். துறவி மூச்சைப் பிடித்துக்கொண்டார். திருட வந்தவன் பீரோவுக்குப் பின்னால் நிற்பது போல் தன் அலுவலகத்தில் தானே பதுங்கியிருக்கிறோம் என்று தோன்றியது. சீட்டி நின்றது, கதவு மூடிக்கொண்டது. கண்ணை மூடிக்கொண்டு அமுக்கினார். கடைசியாக அம்புகளும் போயின.

திரை துடைத்துவிட்டாற்போல் இருந்தது. முகத்தைக் கழுவி, கண்ணாடியைப் பார்த்து ஒரு முறை புன்னகை ஒத்திகை பார்த்துவிட்டு வெளியே வந்தார்.

கண்ணாடி அறை என்பது பெயருக்குத்தான் அறை. ஒரு மேசை, ஒரு நாற்காலி, கூரையில் ஒரு கேமரா, மேசைமேல் ஒரு ஒலிபெருக்கி. எதிரே சுவர் முழுக்கக் கண்ணாடி. அந்தப் பக்கம் இருப்பவர்களுக்கு இந்தப் பக்கம் தெரியும். இந்தப் பக்கம் உட்காருபவருக்குத் தன் முகம் மட்டும்தான் தெரியும். மடிக்கணினியின் திரை அந்தப் பக்கம் பெரிதாக விழும்.

"வணக்கம் சார்." ஒலிபெருக்கியில் அக்காவின் குரல். "முதலாளி இருக்காரு, எல்லாரும் இருக்காங்க. எப்பவும் போல பிரவுசரைத் திறங்க. மனசுல ஓடுறதைச் சத்தமா சொல்லிட்டே வாங்க."

துறவி கணினியை இணைய வலையில் இணைத்தார். உலாவியைத் திறந்தார். வெள்ளை வெளேரென்று திரை. தைரியம் வந்தது.

"இதோ," என்றார் தன் முகத்தைப் பார்த்து. "என் தினசரி இடம். வெறுமை. கண்ணுக்கு ஓய்வு. நான் இங்கே வரும்போது எதையும் கொண்டு வருவதில்லை..."

திரையின் உச்சியில் ஏதோ அசைந்தது. மெனு வந்து உட்கார்ந்தது.

அவருக்கு ஒரு நொடி புரியவில்லை. பிறகு புரிந்தது. வீட்டில் ஒரு மேசைக் கணினி இருந்தது. அதிலும் இதே அலங்காரம்தான். இரண்டும் எப்போதும் ஒன்றுபோல் இருக்கும்படி அவரே இணைத்து வைத்திருந்தார். 'எங்கே போனாலும் உங்கள் வீடு கூடவே வரும்' என்று மேடையில் முழங்கி அந்த வசதியை அறிமுகப்படுத்தியவரும் அவர்தான். கழிவறையில் வலை இல்லை. அவர் கழற்றியது வீட்டுக் கணினிக்குத் தெரியாது. இப்போது வலை கிடைத்ததும் அது விசுவாசமாக எல்லாவற்றையும் திருப்பி அனுப்பிக்கொண்டிருந்தது.

சொல்லாமல் கொள்ளாமல் வந்து இறங்கும் சொந்தக்காரர்கள் மாதிரி ஒவ்வொன்றாக வந்தன. அம்புகள் வந்தன. வீட்டுப் பொத்தான் உருண்டு வந்தது. புக்மார்க்குகள் ஒரு வரிசை, இரண்டு வரிசை, மூன்று வரிசை. கீழே டேப்கள் இரண்டு தளமாகக் குடியேறின.

 கண்ணாடியில் அவர் வாய் திறந்தபடி இருந்தது. அறிவிப்பு, நாற்காலி, எல்லாம் அந்தக் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஒரு மனிதரின் முகத்தில் இருந்தது. அந்த முகம் எப்படி இருக்கிறது என்று பார்க்க வழியில்லை.

பிறகு ஒலிபெருக்கி கரகரத்தது. முதலாளியின் சிரிப்பு.

"அட அட அட! என்ன வேஷம் போட்டு வந்திருக்காரு பாருங்கய்யா! பழைய காலத்து யூசராவே வந்துட்டாரு. அவங்க கஷ்டம் என்னன்னு உள்ளே புகுந்து பாக்குறாராம். இதுக்குப் பேருதான் அர்ப்பணிப்பு!"

யாரோ கைதட்டினார்கள். சேர்ந்து பலரும் தட்டினார்கள். துறவிக்கு உயிர் வந்தது.

"ஆமாம் சார்," என்றார். குரல் கீச்சென்று வந்தது, கனைத்துச் சரிசெய்தார். "அவர்களாகவே மாறிப் பார்க்க வேண்டும் என்று..."

"ரொம்ப தத்ரூபமா இருக்கு சார்," என்றது அக்காவின் குரல், ஒரு ஏற்ற இறக்கமும் இல்லாமல். "டேப் எல்லாம்கூட நிஜமாவே திறந்திருக்கு. இப்போ புதுசை ஏத்துங்க."

ஏற்றினார். ஒரு சக்கரம் சுற்றியது. நின்றபோது எல்லாம் போய்விட்டிருந்தது. கழிவறையில் தானே கழற்றியபோது இருந்த வெறுமை வேறு. அது வேண்டுமானால் திரும்பக் கிடைக்கும் வெறுமை. இது வெட்டியெடுத்த இடம்.

"முதல் வேலை. வானிலைப் பக்கத்தைத் திறங்க."

முகவரிப் பெட்டியைத் தேடினார். கீழே எங்கோ விரல் பட, எழும்பி வந்தது. தட்டினார். பக்கம் வந்தது.

"அதுல நாளைக்குன்னு இருக்குறதைத் தொடுங்க."

தொட்டார்.

"இப்போ முன்னாடி இருந்த பக்கத்துக்கே திரும்பிப் போங்க."

துறவியின் கை, பல வருடப் பழக்கத்தில், அம்பு இருந்த இடத்துக்குப் போய் வெற்றிடத்தை அமுக்கியது. ஒன்றும் நடக்கவில்லை. மறுபடி அமுக்கியது.

விரலசைவு. விரலசைவுதான். ஆனால் எது? கூட்டத்துக்குக் கூட்டம் அதை மாற்றியிருந்தார்கள். இடது ஓரத்திலிருந்து இழுப்பது என்று ஒருவர் சொன்னார். அது அழகில்லை என்று இவரே நிராகரித்தார். மேலிருந்து வழிப்பது என்று ஒன்று வந்தது. இரண்டு விரலால் பக்கத்தைப் புரட்டுவது என்று ஒன்று. ஓரத்தை அமுக்கிப் பிடித்துக் காத்திருப்பது என்று ஒன்று. அதற்குத்தான் 'பொறுமையின் சைகை' என்று அவர் பெயர் வைத்தார். கடைசியில் வென்றது எது? பெயர்கள் எல்லாம் நினைவிருந்தன. கைக்குத்தான் எதுவும் தெரியவில்லை.

இழுத்தார். பக்கம் மங்கியது. வழித்தார். பக்கம் பெரிதானது. புரட்டிப் பார்த்தார், எங்கிருந்தோ ஒரு கேமரா திறந்து அவருடைய மூக்கைக் காட்டியது.

"என்ன நினைக்கிறீங்கன்னு சொல்லுங்க சார்."

"நான்... இந்தத் தயக்கத்தை ரசிக்கிறேன்," என்றார் துறவி. "தயக்கமும் ஒரு வடிவம்தான்."

"சபாஷ்!" முதலாளியின் குரல். "பழைய யூசர் தடுமாறுறதை அப்படியே கொண்டு வர்றாரு. போதும் சார், போதும். வேஷத்தைக் கலைச்சிடுங்க. இப்போ நீங்க நீங்களா இருந்து, அதை எப்படிச் செய்யணும்னு காட்டுங்க. பாத்துட்டு அறிவிப்புக்குப் போயிடலாம்."

கண்ணாடியில் ஒரு மனிதர் வியர்த்திருந்தார். நெற்றிமுடி ஒட்டிக்கொண்டிருந்தது. ஒரேயொரு அசைவு. சரியான ஒன்று தற்செயலாகப் பட்டுவிட்டால் போதும், நாற்காலி அவருடையது. ஓரத்தை அமுக்கிப் பிடித்தார். காத்திருந்தார். ஒன்றும் வரவில்லை. இன்னும் அமுக்கினார். விரல் நகம் வெளுத்தது. அந்தப் பக்கத்தில் யாரோ இருமினார்கள்.

நேற்று தான் சொன்ன வாசகம் நினைவுக்கு வந்தது. 'கவனிக்கலாமா' என்று அவருடைய உலாவியும் ஒருநாள் கேட்டதும், என் விஷயத்தில் எவன் மூக்கை நுழைப்பது என்று வேண்டாம் என்பதை அவர் அமுக்கியதும் கூடவே வந்தது. எண்ணிக்கைப் பலகையில் அவர் கிடையாது. மூன்று வரிசைப் புக்மார்க்குகளோடு இத்தனை காலம் வாழ்ந்த ஒரு மனிதர், அவருடைய வாசகத்தின்படியே, பிறக்கவே இல்லை.

"சார்?" என்றது அக்காவின் குரல். இந்த முறை அதில் கேலி இல்லை. "இன்னும் இருக்கீங்களா?"

"தெரியலை," என்றார்.

"என்ன தெரியலை?"

"எப்படித் திரும்பிப் போறதுன்னு தெரியலை. வேஷம் எல்லாம் ஒண்ணுமில்ல. அது என்னோட லேப்டாப்புதான். எனக்கு அப்படித்தான் வேணும். அம்பு வேணும். கட்டைவிரல் சைஸுக்கு வேணும்." கட்டைவிரலைத் தூக்கிக் கண்ணாடிக்குக் காட்டினார். "டேப் கீழே இருந்தாத்தான் என் கண்ணுக்குத் தெரியும். எனக்கு அப்படித்தான்யா பிடிக்கும்! அதுக்கு ஒரு காரணமும் கிடையாது!"

யாரும் கைதட்டவில்லை.

ஒலிபெருக்கிக்கு அந்தப் பக்கம் நாற்காலிகள் நகர்ந்தன. முதலாளி தாழ்ந்த குரலில், "அப்போ இதைச் செய்யத் தெரிஞ்சவங்க இங்க யாருதான் இருக்கா?" என்று கேட்பது ஒலிவாங்கியில் விழுந்தது. பதில் எதுவும் விழவில்லை. "வெளியீட்டை நிறுத்தி வைங்க. அறிவிப்பையும்." ஒரு கதவு திறந்து மூடிக்கொண்டது.

துறவி எழுந்திருக்கப் போனார்.

"உக்காருங்க சார்," என்றார் அக்கா. "வேலை இன்னும் முடியல. முடிக்காம எழுந்திருக்கக் கூடாதுன்னு உங்க விதிதான். மனசுல ஓடுறதைச் சொல்லுங்க."

அவர் உட்கார்ந்தார்.  முதலில் ஒரு வார்த்தை வந்தது. அதன் வாலைப் பிடித்துக்கொண்டு அடுத்தது வந்தது. எழுத்து ஏன் இவ்வளவு வெளிறிக் கிடக்கிறது, கறுப்பு மை தீர்ந்துவிட்டதா? ஒரு டேப்பை மூட எதற்கு இரண்டு விரல், ஒரு கையில் போன் பிடித்திருப்பவன் என்ன செய்வான்? வீட்டுப் பொத்தான் யார் சோற்றில் மண்ணைப் போட்டது? பேசப் பேச அவர் மேசையைத் தட்ட ஆரம்பித்தார். கழுத்துப் பட்டியைத் தளர்த்திக்கொண்டார். அந்தப் பக்கத்தில் எழுதும் சத்தம் கேட்டது. இடையிடையே கதவு திறந்து சாத்தும் சத்தமும் கேட்டது. எத்தனை பேர் மிச்சமிருக்கிறார்கள் என்று கண்ணாடி சொல்லவில்லை.

"சார், முதலாளி கிளம்பிட்டாரு. அந்தப் புது நாற்காலியை இப்போதைக்கு யாருக்கும் குடுக்குறதா இல்லையாம். உங்ககிட்ட சொல்லச் சொன்னாரு."

துறவி ஒரு கணம் நிறுத்தினார். கண்ணை மூடவில்லை.

"போகட்டும்," என்றார். "இந்த முகவரிப் பெட்டி இருக்கே, மேலே ஒழுங்கா இருந்ததை எந்த மகராசன் கீழே கொண்டு போய் வெச்சான்?"

"நீங்கதான் சார்."

"எழுதிக்குங்க."